பூவிழியைக் கூப்பிட்ட கதை

காய்ச்சலில் பிதற்றுகிற மனுஷன் பெண்டாட்டி பெயரைச் சொல்லிப் பிதற்றினால் என்ன குறைந்துவிடும்? என் வீட்டுக்காரர் செழியன், தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கழுத்தைத் திருப்ப முடியாமல் கிடந்தபோது, "பூவிழி, மடையத் தொற" என்று வார்டுக்கே கேட்கக் கத்தினார். பூவிழி அவருடைய தாய்மாமன் மகள். கட்டிக்கொள்ள இருந்தவள். ஏதோ பேச்சு முறிந்து, நாகப்பட்டினத்தில் ஒரு வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த கமருன்னிஸா அக்கா, பூவிழி என்பது நீதானா என்று என்னைக் கேட்டார். செவ்வந்தியாகிய நான் ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். வயிறு எரிந்தது.

சின்ன வயதிலிருந்தே அவருக்குக் காதில் சீழ் வடியும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். அந்தச் சீழ் எலும்பை அரித்து மூளைக்குள் போய்விட்டதாக ஸ்கேனைப் பார்த்த டாக்டர் ஜெனிட்டா சொன்னார். மண்டையில் துளை போட்டு எடுத்தார்கள். மூளைக்குள் மருந்து லேசில் இறங்காதாம். அதனால் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்கைப் பெரிய அளவில், ஆறு வாரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், பாதியில் விட்டால் மிச்சக் கிருமி திரும்பவும் சீழ் கட்டும், அப்புறம் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார்.

இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் விட்டது. புத்தி தெளிந்ததும் வீட்டுக்குப் போகணும் என்று ஆரம்பித்தார். பூதலூர்ப் பக்கம் எங்கள் வயலில் சம்பா நாற்று முற்றிக்கொண்டிருந்தது. என் தம்பி நட்டுவிடுவான் என்றேன். அவனுக்கு நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது என்றார். கெஞ்சினேன், அழுதேன், பட்டினி கிடந்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மறுநாள் காலை, கையில் குத்தியிருந்த ஊசியைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார்.

யார் சொன்னால் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பீடியை விடச் சொல்லி நான் வருஷக்கணக்கில் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஒரு காதுகுத்து விசேஷத்தில் பூவிழி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், விட்டுவிட்டார். அதை நான் மறந்தால்தானே! டாக்டர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பொய் சொல்லி அவரை உட்காரவைத்துவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவர் போனாலும் போகட்டும், அவளைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு கணம் நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். பிறகு கூப்பிட்டேன்.

மதியமே வந்து நின்றாள். இஸ்திரி போட்ட சேலை, தலை நிறையப் பூ. நான் ஆஸ்பத்திரி நாற்றத்தில் ஊறிப்போனவள். கொஞ்சம் வெளியே இருங்க அக்கா என்றாள். என் புருஷன் கட்டிலிலிருந்து என்னையே வெளியேற்றுகிறாள்! பல்லைக் கடித்துக்கொண்டு போய், கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குனிந்து ஏதோ சொன்னாள். இவர் முகம் சுண்டிப்போயிற்று. சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். நர்ஸ் வந்ததும் கையை நீட்டினார். உயிர் தப்பியது என்று சந்தோஷப்பட வேண்டியவள், அவளால் தப்பியதே என்று வெந்துகொண்டிருந்தேன்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அப்புடி என்னதான் சொன்ன?"

"போறதுன்னா போ மாமா, நம்ம சனத்துல அறுத்துக்கட்டுற வழக்கம் இருக்கு, நீ செத்தா அக்காவுக்கு நானே நின்னு வேற கல்யாணம் கட்டிவைக்கிறேன்னேன். அறுப்பு மெஷின் வச்சிருக்குற இராஜாங்கம் இப்பவே கேட்டுக்கிட்டு இருக்காருன்னேன்."

"யாரு இராஜாங்கம்?"

"யாருக்குத் தெரியும்? வாயில வந்த பேரு."

திரும்பி வந்தேன். இவர் சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அந்த இராஜாங்கம் எந்த ஊரு?" என்றார்.

அந்தக் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். அவரிடம் அதை அன்றுதான் பார்த்தேன். அப்படி ஒருத்தர் கிடையாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"மொதல்ல ஊசியெல்லாம் போட்டு முடிங்க," என்றேன். "அப்பறம் சொல்றேன்."