மன்னிப்புப் பிரிவுக்கு வந்த பரீட்சை

பயணப் பெட்டி செய்யும் அந்தக் கம்பெனியில், மூன்றாவது மாடிக் கோடியில் இருந்த அறையின் கதவில் ‘வாடிக்கையாளர் தொடர்பு’ என்று எழுதியிருந்தது. ஆனால் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோரும் அதை மன்னிப்புப் பிரிவு என்றுதான் சொன்னார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தவளுக்கு மன்னிப்பம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சக்கரம் கழன்றுவிட்டது, கைப்பிடி கையோடு வந்துவிட்டது என்று யார் புகார் எழுதினாலும் பதில் எழுதுவது அவள்தான். தன் எழுத்தின்மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது அவளே போட்ட அளவு.

ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காருங்கம்மா. கம்ப்யூட்டர் பிரிவுல ஒண்ணு தயார் பண்ணியிருக்காங்க. புகாரப் படிச்சு அதுவே பதில் எழுதுதாம்.”

“தாராளமா எழுதட்டும் சார். படிக்கிறவங்களுக்கு மனசு ஆறணுமே?”

“அதுக்குத்தான் ஒரு பரீட்சை வெச்சிருக்கேன். நாப்பது கடிதம். பாதி உங்க பழைய ஃபைல்லேர்ந்து எடுத்தது, பாதி மிஷின் எழுதினது. எது யாருதுன்னு நீங்க பிரிச்சுச் சொல்லணும், பக்கத்துல காரணமும் எழுதணும். சொல்லிட்டீங்கன்னா மிஷின் வேண்டாம், நாற்காலி உங்களுது.”

“சொல்லலன்னா?”

“கீழ ரிப்பேர் கவுன்ட்டர்ல ஆள் பத்தல.”

மன்னிப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் காட்டச் சொன்னால் எந்தத் தாய் பயப்படுவாள்?

மறுநாள் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஒரு பெண் மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள்தான் அந்த மிஷினைப் பழக்கியவள். எது யாருடையது என்று தெரிந்தவள். மன்னிப்பம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் கடிதத்தை உரக்கப் படித்தாள்.

“‘தங்களுக்கு நேர்ந்த இன்னல் எங்கள் உள்ளத்தைச் சுக்குநூறாக்கியது.’ பாத்தியா? கைப்பிடி ஒடஞ்சதுக்கு உள்ளம் சுக்குநூறாகுமா? மிஷின்னு போடு.”

“அக்கா, இன்னொரு தடவ படிச்சுப் பாருங்களேன்.”

“இத ஒரு தடவ படிச்சதே பெருசு. காரணம் எழுது: ‘இதை எழுதியவர் புகாரைப் படிக்கவே இல்லை.’”

அந்தப் பெண் இருமினாள். எழுதினாள்.

“அடுத்தது. ‘தாங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவர்.’ யாரு குடும்பத்துல யாரு? பெட்டி வாங்கினா சொந்தமாயிடுவாங்களா? இதுவும் மிஷின்தான். இதுக்கெல்லாம் சோறு தண்ணி கிடையாதுல்ல, அதான் இப்படி உளறுது.”

“அக்கா…”

“நீ வருத்தப்படாத. நீ பழக்கினதுதான், ஆனா எழுத்துன்னா அது தனி. நாள்பட வரும்.”

பன்னிரண்டாவது கடிதத்தில் அவள் குரல் இளகியது.

“இதக் கேளு. ‘குழந்தையை ஒரு கையிலும் உடைந்த பெட்டியை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறியிருக்கிறீர்கள். புதுக் கைப்பிடியோடு வியாழக்கிழமை காலை எங்கள் ஆள் வருவார். நீங்கள் கீழே இறங்க வேண்டாம்.’ ஆஹா! இது நான். இத எழுதின அன்னிக்கு என் கண்ணு கலங்கிப்போச்சு. அந்தப் பொண்ணு முகம்கூட ஞாபகம் இருக்கு.”

“கடிதத்துல முகம் எப்படிக்கா தெரியும்?”

“மனசுல தெரியும்டீ!”

சாயங்காலத்துக்குள் நாற்பதும் முடிந்தன. மன்னிப்பம்மா விரல்களை நெட்டி முறித்தாள்.

“எத்தன?”

கம்ப்யூட்டர்ப் பெண் திரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் தன் செருப்பைப் பார்த்தாள். “ஏழு.”

“ஏழு தப்பா? கண்ணாடிய மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டேதான் இருக்காரு.”

“ஏழு சரிக்கா.”

“அந்த உள்ளம் சுக்குநூறு?”

“உங்களுது. ஃபைல்ல அது முன்னூத்திப் பதினோரு தடவ வருது.”

“குழந்தையத் தூக்கிட்டு மாடி ஏறினது?”

“மிஷின். போன செவ்வாக்கிழமை எழுதினது.”

கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால்கூட இருபது வந்திருக்கும். இந்த ஏழுக்கு அவளுடைய இருபத்திரண்டு வருட அனுபவம் தேவைப்பட்டிருக்கிறது.

“அக்கா, முடிவு இன்னும் என்கிட்டதான் இருக்கு,” அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிடுச்சுன்னு சொல்றேன். நாளைக்கு வேற நாப்பது எடுப்போம். இப்பதான் உங்களுக்கு வழி தெரிஞ்சுபோச்சே.”

“என்ன வழி?”

“மோசமா இருந்தா உங்களுதுன்னு போடுங்க.”

பாவம், உதவி செய்யத்தான் சொன்னாள். நாளைக் காலை சொல்கிறேன் என்று மன்னிப்பம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கணவர் முழுக் கதையையும் கேட்டார். சிரிக்கக் கூடாது என்று தண்ணீர் குடித்தார், புரையேறியது.

“சிரிச்சுடுங்க. அடக்கி வெச்சா உடம்புக்கு ஆகாது.”

“இல்லம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கடிதங்கள எழுதறப்போ நல்லாத்தானே இருந்துது உனக்கு?”

“முதல்ல ஒவ்வொண்ணுக்கும் அரை நாள் உக்காருவேங்க. அப்புறம் ஒரு கடிதம் நல்லா அமைஞ்சுது. சரின்னு அதையே இன்னொருத்தருக்கும் அனுப்பினேன். யாரும் ஒண்ணும் சொல்லல.”

“திரும்பப் பரீட்சை எழுதினா ஜெயிச்சுடுவியா?”

“ஜெயிச்சுடுவேன். அதான் அசிங்கமா இருக்கு.”

காலையில் அவள் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனாள். “முடிவக் குடும்மா, நானே கொண்டுபோறேன்” என்று தாளை வாங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தாள். படிக்கட்டில் ஒரு முறை, திரும்பிவிடலாமா என்று கால் தயங்கியது. தயங்கிய காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேனேஜர் மதிப்பெண்ணைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பிறகு காரணங்களைப் படித்தார்.

“‘சவத்துக்குப் பவுடர் போட்டதுபோல் இருக்கிறது.’ இது யாரோட கடிதத்துக்கு?”

“என்னோடதுக்கு சார்.”

“‘இந்த ஆளுக்கு யாராவது சம்பளம் கொடுக்கிறார்களா?’”

“குடுக்கறீங்க சார். ஒண்ணாந்தேதி.”

அவர் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

“சார், நீங்க சிரிச்சு முடிச்சதும் சொல்றேன்.”

“சொல்லுங்கம்மா.”

“பத்து வருஷமா மூணே மூணு கடிதம்தான் சார். சக்கரத்துக்கு ஒண்ணு, கைப்பிடிக்கு ஒண்ணு, பூட்டுக்கு ஒண்ணு. பேர மட்டும் மாத்துவேன். ஒரு தடவ அதையும் மாத்த மறந்து, ஒரு வக்கீல வேற யாரோ அம்மாளா நினைச்சு ஆறுதல் சொல்லிட்டேன்.”

“அவரு என்ன பண்ணாரு?”

“நன்றின்னு பதில் போட்டாரு சார். அதுலதான் எனக்குத் தலைக்கனம் ஏறிச்சு.”

மேனேஜர் தாளைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. “உங்கள எனக்குப் பிடிக்கும்மா. ஆனா சொன்ன சொல்லு சொன்னதுதான். நாற்காலி போகுது.”

“தெரியும் சார்.”

“கீழ போறீங்களா, இல்ல கணக்க முடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறீங்களா?”

வீட்டுக்குப் போகிறேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்படிப் போனால், மிஷின்தான் தன்னை ஒழித்தது என்று ஆயுசுக்கும் கதை சொல்லலாம். அந்தக் கதையும் நன்றாகத்தான் அமையும்; ஒவ்வொருவருக்கும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவாள்.

“கீழயே போறேன் சார்.”

திங்கட்கிழமை ரிப்பேர் கவுன்ட்டர். எண்ணெய் வாசனை, ஒரு நீள மேஜை, சுவர் முழுக்கத் திருகாணி டப்பாக்கள். மெக்கானிக் பின்கட்டில் லாரியிலிருந்து சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். முதல் ஆளாக ஒரு பெண் சாம்பல் நிறப் பெட்டியைத் தொப்பென்று மேஜைமேல் போட்டாள். நாலு நிமிடம் நிறுத்தாமல் திட்டினாள். மன்னிப்பம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். புகாருக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

“பூட்டு நம்பர மறந்துட்டீங்களா?”

“நான் மறக்கல. பூட்டுதான் மறந்துடுச்சு.”

“உள்ள என்ன இருக்கு?”

“என் மாமியாரோட மாத்திரை. பத்து மணிக்குக் குடுக்கணும். இப்ப மணி என்ன?”

ஒன்பதே முக்கால். மன்னிப்பம்மா பின்கட்டைப் பார்த்துக் கூப்பிட்டாள். லாரிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கைக்கு அகப்பட்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தாள்.

“உங்களுக்குத் தெறக்கத் தெரியுமா?”

“தெரியாது. இதான் முதல் நாளு.”

“கம்பெனிக்குப் புதுசா?”

“இருபத்திரண்டு வருஷமா இங்கதான் இருக்கேன்.”

“அப்ப இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“பூட்டு ரிப்பேரானவங்களுக்காக வருத்தப்பட்டுட்டு இருந்தேன்.”

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பெட்டியின் ஒரு பக்கத்தை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“வருத்தமெல்லாம் அப்புறம் பட்டுக்கலாம். அந்தப் பக்கம் குத்தி நெம்புங்க.”

மன்னிப்பம்மா நெம்பினாள்.