மாஃப்

முப்பத்தேழு ரூபாய் எட்டணா. உயிர் பிரிந்த கணவன் மக்பூல் அகமதுவின் தாடையை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டும்போதும் அஃப்ஸர் ஜஹானுக்கு அந்தக் கடன்தான் நெஞ்சில் உறுத்தியது. தோல் பதனிடும் கிடங்கின் முதலாளி அமீர் பாஷாவிடம் அவன் வாங்கியது. கடனோடு போகிற உயிர் வழியிலேயே தங்கிவிடும் என்பார்கள்.

வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. நிறையத் தண்ணீர்க் குடங்கள்.

“மய்யித்தக் குளிப்பாட்ட முதலாளி குடுத்தனுப்பினாரு. தோட்டத்துக் கெணத்துத் தண்ணி,” என்றான் வண்டிக்காரன்.

“நாங்க யாரும் கேக்கலியே?”

அவன் மாட்டைத் தட்டிக்கொடுத்தான்.

அவள் மகன் பக்கம் திரும்பினாள். “குர்ஷித், பாலாத்து ஊத்துலேர்ந்து ஒரு கொடம் எடுத்தா.”

மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து வந்த தண்ணீரை, மய்யித்து குளிப்பாட்டும் கரீம் உள்ளங்கையில் ஏந்தினார். முகர்ந்தார். நாக்கில் தொட்டுத் துப்பினார்.

“நெறம், வாசன, ருசி. மூணுல ஒண்ணு கெட்டாலே ஆவாது. இதுல மூணும் போச்சு. தோல் ஊறவெக்கற ஆவாரம்பட்டக் கஷாயம் மாரி கீது.”

“நாமளே இப்பத்தான் பாக்கறோம். அவருக்கு முன்னாடியே எப்பிடித் தெரிஞ்சிது?”

“சாவு வூட்ல இன்னா தங்கச்சி வெசாரண?” என்றபடி கரீம் வண்டித் தண்ணீரையே எடுத்தார்.

கிடங்கின் கழிவுத் தண்ணீர் ஆற்றில் விழக்கூடாது, குழி வெட்டித் தேக்க வேண்டும் என்று சுகாதார அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். பகலில் மதகுக்குப் பூட்டு. ராத்திரியில் முதலாளி சொல்லி அதைத் திறந்துவிட்டவர்கள் மக்பூலும் குர்ஷித்தும்தான். கடன்பட்டவன் எப்படி மறுப்பான்? நாளைக்கு முசாபரி பங்களாவில் அந்த அதிகாரியின் விசாரணை. “உண்மையச் சொல்லிடப் போறேன்” என்று மக்பூல் கிடங்கிலேயே சொல்லிவிட்டு வந்தான். அன்றே வாந்தியும் பேதியும் தொடங்கின. ஊற்றுத் தண்ணீரா, கிடங்கில் கொடுத்த டீயா? அவளுக்குத் தெரியவில்லை.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கும் முன் கரீம் வழக்கப்படி கேட்டார்: “மவுத்தானவரு யாருக்காச்சும் பாக்கி வெச்சிருந்தா சொல்லுங்க.”

அமீர் பாஷா முன்னால் வந்தார். “எனக்கு முப்பத்தேழு ரூபா எட்டணா. மாஃப் பண்ணிட்டேன், திருப்பித் தர வாணாம்.”

கூட்டம் அவரை வாழ்த்தியது. அவர் குர்ஷித்தின் தோளில் கை போட்டார். “நாளைக்கி பங்களாப் பக்கம் அலையாதேப்பா. மூணாம் நாள் பாத்திஹா சாப்பாட்டுக்கு நானே கடா அனுப்பறேன்.”

குர்ஷித் தலை குனிந்தான். அவன் உதடு ‘சரிங்க’ என்று பிரியப் போவதைச் சாக்குத் திரைக்குப் பின்னால் நின்ற அஃப்ஸர் ஜஹான் பார்த்தாள். கை கழுத்துக்குப் போனது. லச்சா. கருகமணிகளுக்கு நடுவே தாய்வீட்டுப் பொன் இரண்டு சவரன். புருஷன் இருக்கும்வரை கழற்றக்கூடாதது. முடிச்சில் சிக்கிய மயிரோடு இழுத்து, திரைக்கு வெளியே நீட்டினாள்.

“குர்ஷித், இத அவருகிட்ட குடு. மாஃப் வாணாம். கடன் தீந்துச்சின்னு அவரு வாயால சொல்லட்டும். அப்பறம் தூக்குங்க.”

“இன்னா பேச்சு இது!” என்றார் முதலாளி. யாரும் சந்தூக்கில் கை வைக்கவில்லை. குர்ஷித் லச்சாவை அவருடைய வலது கையில் வைத்தான். அவர் தொண்டையைச் செருமினார். “தீந்துச்சு.”

“கேக்கல,” என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து.

“தீந்துச்சும்மா, தீந்துச்சு!”

குர்ஷித் முன்பக்கம் தோள் கொடுத்தான். தெருவில் ஆளுக்கு ஆள் தோள் மாற்றிக்கொண்டார்கள். மூடிய வலது கையோடு கடைசியில் நடந்த முதலாளியை யாரும் முன்னால் அழைக்கவில்லை.