முப்பத்துமூன்றாவது படி

என் ஓரகத்தி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் அவள் என்னவோ செய்துவிட்டாள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அவள் செய்ததெல்லாம் நல்லதுதான். என் எரிச்சலே அதுதானே!

எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கிற சின்னக் கம்பெனி. என் கணவரும் கொழுந்தனும் முதலாளிகள். கீழே ஒன்பது மெக்கானிக்குகள். கட்டடங்களின் வரைபடமும் பூட்டு எண்களும் வெளியார் கைக்குப் போகக் கூடாது என்பதால், எங்களுக்கென்று சொந்தமாக ஒரு சாட் சர்வர் வைத்திருக்கிறோம். ஆபீஸில் ஃபைல் அலமாரிக்கு மேலே உட்கார்ந்து முனகிக்கொண்டிருக்கும். ஒருவர் எங்கோ மொட்டைமாடியில் நின்று படம் எடுத்துப் போடுவார், வேறெங்கோ இருந்து இன்னொருவர் பதில் சொல்வார்.

அந்த சர்வரை ஆறு வருடம் கட்டிக் காத்தவள் நான். யாரும் சொல்லித் தரவில்லை. நானே படித்து, நானே கெடுத்து, நானே சரிசெய்து கற்றுக்கொண்டேன். ஒரு தடவை அப்டேட் போட்டு, பேக்கப் எடுத்து, இடத்தைச் சுத்தம் செய்ய முப்பத்திரண்டு படிகள். நீல அட்டை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். பதினேழாவது படியில் கை தவறினால் அன்றைய பொழுது போச்சு.

சர்வர் படுத்துவிட்டால் ஒன்பது பேரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "அண்ணி, போச்சு அண்ணி!" சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு ஓடுவேன். "நிம்மதியா ஒரு வாய் சாப்பிட விடறீங்களா" என்று திட்டிக்கொண்டே ஓடுவேன். உள்ளுக்குள் எனக்கு அதில் அப்படியொரு குஷி.

கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. வந்தவள் கம்ப்யூட்டர் படித்தவள். இரண்டாம் மாதமே ஆபீஸுக்கு வர ஆரம்பித்தாள். ஒருநாள் நான் பத்தொன்பதாவது படியில் இருக்கும்போது பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இத ஏன் கையால பண்றீங்க? எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல எழுதி வெச்சிட்டா மெஷினே பண்ணிக்கும்."

இரண்டு வாரம் நோட்டும் கையுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு படியாகக் கேட்டாள். நானும் அசடு மாதிரி, பெருமையாக வேறு, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மூன்றாம் வாரம் எல்லோரையும் கூப்பிட்டு, ஒன்றுமே இல்லாத ஒரு புது மெஷினில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டிவிட்டு டீ போடப் போனாள். டீயோடு திரும்பி வந்தபோது சர்வர் முழுசாக எழுந்து நின்றது. கொழுந்தன் கைதட்டினான். பதினேழு வருடமாக நான் செய்த எதற்கும் கைதட்டாத என் கணவரும் தட்டினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் நோட்டை வைத்தே என்னை வீட்டுக்கு அனுப்புகிறாளே!

வெள்ளிக்கிழமை அந்த ஃபைலை அச்செடுத்து என்னிடம் நீட்டினாள். "திங்கக்கிழம காலைல பத்து மணிக்கு மொதத் தடவ தானா ஓடப்போகுது. ஏதாவது விட்டுப்போச்சான்னு பாருங்கக்கா. உங்களுக்குத்தான் தெரியும்."

பார்த்தேன். இருபத்தெட்டாவது படியில் விட்டுப்போயிருந்தது. என் நோட்டில் அங்கே 'பழைய படங்களை நீக்கு' என்று மட்டும்தான் இருக்கும். அவள் அதை, ஒரு வருடத்துக்கு மேற்பட்ட படங்கள் எல்லாவற்றையும் அழி என்று எழுதியிருந்தாள். நான் அப்படிச் செய்ததே கிடையாது. மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்ப்பேன். காலை வணக்கப் பூக்கள், யாரோ வாங்கிய புது ஸ்கூட்டர், இதெல்லாம் போகும். பழைய லிஃப்ட்டுகளின் ஒயர் படங்களை மட்டும் எத்தனை வருடமானாலும் தொட மாட்டேன். அந்த லிஃப்ட்டுகளைப் பல தடவை பிரித்து மாற்றியிருப்பதால் கம்பெனி வரைபடம் எதற்கும் உதவாது. மெக்கானிக் எடுத்த படம்தான் வரைபடம். இது எந்த நோட்டிலும் இல்லை, என் தலையில்தான் இருந்தது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது.

"எல்லாம் சரியாத்தான்மா இருக்கு" என்றேன்.

சனிக்கிழமை, குடையை மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தனியாக ஆபீஸுக்குப் போனேன். அந்தப் பழைய படங்கள் அத்தனையையும் என் சொந்த ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அழியட்டும். ஒருநாள் தேடுவார்கள். அன்றைக்கு என்னிடம் வரட்டும்!

நாலு வாரம் போனது. சர்வர் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. என் போனும் அடிக்கவில்லை. "சின்ன அண்ணி வந்தப்புறம் தொல்லையே இல்ல" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நான் பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

ஒரு புதன்கிழமை, பதினோரு மணி தாண்டியிருக்கும். நிதானம் கூப்பிட்டார். எங்கள் மூத்த மெக்கானிக் அவர். நெருப்பு பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார் என்பதால் அந்தப் பெயர். என் கணவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுபோச்சு அண்ணே. உள்ள ஒரு பொம்பள இருக்காங்க. பிரேக் விடமாட்டேங்குது. நீங்க முன்னாடி இதுல ஒயர மாத்துனீங்கல்ல, அந்தப் படத்தத் தேடுனா படத்துக்குப் பதிலா வெறும் சாம்பல் கலர் கட்டமா வருது."

"ஆறு வருஷம் ஆச்சேப்பா! ரெண்டு ஒயர்ல எது பிரேக்குக்குப் போகுதுன்னு எனக்கு எங்க ஞாபகம்? தப்பானதத் தொட்டுடாத, லிஃப்ட் ஓட ஆரம்பிச்சிரும்."

ஓரகத்தி அதற்குள் கம்ப்யூட்டரில் பாய்ந்து தேடினாள். "மாமா, அந்தப் படத்த... என் ஃபைல்தான் அழிச்சிருக்கு. பேக்கப்ல ரெண்டு வாரத்துக்குத்தான் வெச்சிருக்கேன்."

ஸ்பீக்கரில் தட் தட்டென்று சத்தம் கேட்டது. உள்ளே இருந்த பெண் கதவை அடிக்கிறாள்.

கைப்பை என் மடியில் இருந்தது. ஹார்ட் டிஸ்க் பைக்குள் இருந்தது. நான் எடுக்கவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டீ ஆறுவதற்குள் சர்வரை எழுப்பியவளின் விரல்கள் இப்போது கீபோர்டில் தடுமாறுகின்றன. என் கணவர் அவளைப் பார்க்கிற பார்வையில் கைதட்டல் இல்லை. இன்னும் கொஞ்சம் தேடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பத்து. தட் தட். பதினொன்று பதினைந்து. தட் தட். பதினொன்று இருபத்தொன்றுக்கு, பதினோராவது நிமிடம், சத்தம் நின்றது.

வாழ்க்கையில் அவசரமே படாத நிதானம் அலறினார். "அண்ணே, கூப்பிட்டா பதிலே இல்லண்ணே!"

என் கை தானாகப் பையைத் திறந்தது. அரை நிமிடத்தில் படம் போய்ச் சேர்ந்தது. இடப்பக்க ஒயரைச் சுற்றி என் கணவர் போட்ட சிவப்பு வட்டம். ஆறாவது நிமிடம் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்தப் பெண் மயங்கிக் கிடந்தாளாம். தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, முதலில் தன் கண்ணாடி எங்கே என்று கேட்டாளாம். எனக்கு அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

"இவ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நாம தொலைஞ்சோம்" என்றார் என் கணவர். ஓடி வந்த கொழுந்தன் எல்லோர் எதிரிலும் பெண்டாட்டிமேல் பாய்ந்தான். "மெஷினே எல்லாம் பண்ணிக்கும்னு பெருசா சொன்ன! அண்ணி இருந்ததால தப்பிச்சோம்."

"என் தப்புதான்" என்றாள் அவள். படங்களை சர்வரில் திரும்பப் போட வேண்டும் என்று டிஸ்கைக் கேட்டாள். கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் உறைத்தது. எந்தத் தேதியில் நகலெடுத்தது என்று அதிலேயே இருக்குமே!

அவள் திரையை வெகுநேரம் பார்த்தாள். ஆண்கள் வெளியே போயிருந்தார்கள்.

"அந்தச் சனிக்கிழமையே தெரியுமாக்கா?"

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"பை மடிலதான இருந்துச்சு?" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று இரவு கொழுந்தன் கதவைத் தட்டுவான் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அவன் அவ்வப்போது குத்திக்காட்டுகிறான், இவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறாள். இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்க்க வேண்டுமா? அன்றைய கைதட்டலைவிட இதுதான் எனக்கு அதிகம் எரிகிறது.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் போனுக்கு சர்வரிடமிருந்தே செய்தி வந்தது. 'இந்த வாரம் ஒரு வருடத்தைத் தாண்டிய படங்கள் 214. நீக்கலாமா? அக்கா பதில் சொல்லும்வரை எதையும் தொட மாட்டேன்.' ஃபைலில் முப்பத்துமூன்றாவதாக ஒரு படி சேர்த்திருக்கிறாள்.

"நான் இப்ப மெஷினுக்கு வேலக்காரியா?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "உங்களுக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியாதுக்கா. அதான் கேக்கச் சொல்லிருக்கேன். நீங்க பதில் சொல்ல எத்தன நிமிஷம் எடுத்தீங்கன்றதையும் அது எழுதி வெச்சுக்கும்."

அன்று படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாறு படங்களை நிறுத்திவைத்துவிட்டு மற்றவற்றை நீக்கச் சொன்னேன். எதிர் மேஜையில் அவள் தலை நிமிரவில்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தச் செய்தி வருகிறது. கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, பதினோரு நிமிடம் ஆவதற்குள் பதில் அனுப்பிவிடுகிறேன்.