இரண்டு முறை குறைந்த புகை

ஒரு மூச்சு நல்ல காற்றின் விலை அரைக்காசு என்று ஆராய்ச்சி நிலையம் அறிவித்த வருஷம், பாலத்தடி ரொட்டிக் கடையின் புகைபோக்கி புகையை வெளியே விடுவதை நிறுத்திவிட்டு உள்ளே இழுக்கத் தொடங்கியது. தெருவில் சிகரெட் பிடிப்பவர்களின் புகைகூட வளைந்து நெளிந்து அந்தப் பக்கம்தான் போயிற்று. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. அடுப்புக்குள் போன ரொட்டி மாவாகத் திரும்பி வந்ததுதான் நஷ்டம்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். எந்தத் துறையில் எதை எவ்வளவு குறைக்க முடியும் என்று மதிப்பிடுவதே அந்த நிலையத்தின் வேலை. முத்திரை விழுந்த மறுநாள் மதிப்பீடு தானாகப் பலித்துவிடும். குப்பையில் பாதி குறையும் என்று எழுதினார்கள், வாழைப்பழங்கள் பாதித் தோலோடு காய்த்தன. பேருந்து எண்ணெயில் கால்வாசி என்றார்கள், மேட்டுத் தெருக்கள் மரியாதையாகத் தணிந்துகொடுத்தன. மதிப்பிடும் விதமும் சந்தைக்குப் புதிதல்ல. கனவில் எவ்வளவு குறையும் என்று ஓர் எண், இயந்திரத்தால் எவ்வளவு என்று அடுத்த எண், ஜனங்கள் மனமிறங்கி எவ்வளவுக்கு ஒத்துக்கொள்வார்கள் என்று கடைசி எண். சொல்லும் விலை, கடை விலை, படிந்த விலை. படிந்ததற்குத்தான் முத்திரை.

எரிபொருள் துறையை ஒருத்தி பார்த்தாள், கட்டடத் துறையை அவள் புருஷன். ரொட்டிக் கடைக்காரர் அவளுடைய அண்ணன். இருவருக்கும் அளந்து பார்க்கத் தன் அடுப்பைத் திறந்துவிட்டவர். விறகை மாற்றினால் அவர் புகையில் நூற்றுக்கு எழுபது குறையும் என்று எரிபொருள்காரி எழுதினாள். அடுப்புச் சுவரைக் கனமாக்கினால் ஐம்பது என்று கட்டடக்காரன் எழுதினான். தனித்தனி அறை, தனித்தனி முத்திரை. நூறில் நூற்றிருபது போனால் அடுப்பு என்ன செய்யும்? மீதி இருபதைத் தெருவிடம் வாங்கியது.

திருத்துவது பெரிய வித்தையில்லை. ஒருவர் முதலில் நிற்க வேண்டும், மற்றவர் மிச்சத்தில்தான் தன் பங்கை எடுக்க வேண்டும். அவள் முதலில் என்றால் எழுபது, மிச்சம் முப்பதில் பாதி, பதினைந்து, அவனுக்கு. அவன் முதலில் என்றால் ஐம்பது, மிச்சத்தில் முப்பத்தைந்து அவளுக்கு. எப்படிப் போட்டாலும் எண்பத்தைந்து. இது இருவருக்கும் மனப்பாடம். ஆனாலும் யார் முதலில் என்பதில் பிடிவாதம். கல்யாணமான நாளிலிருந்து குளியலறைக்கும் செய்தித்தாளுக்கும் இதே வழக்குதான். அவரவர் முத்திரையை அவரவர்தான் திருத்த முடியும் என்பதால் மேலதிகாரியும் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார். ரொட்டிக் கடை வாடிக்கையெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் நகர்ந்தது. அண்ணன் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை, நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள நான் மாவுக் கடைன்னு போர்டு மாட்டிடுவேன் போல.”

“உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க மச்சான்.”

“சொன்னேன். உங்ககிட்ட சொல்லச் சொன்னா.”

ஞாயிறுதோறும் தங்கைக்கு ஒரு ரொட்டி கொண்டுவருவது அவர் வழக்கம். அந்த ஞாயிறும் தன் கடைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். பிட்டு வாயில் வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பாலத்துக்கு அந்தப் பக்கக் கடை ரொட்டி. நன்றாக இருக்கிறது என்றாள். அண்ணன் தரையைப் பார்த்துத் தலையாட்டினார். கட்டடக்காரனும் ஒரு துண்டு தின்றான்; அவனுக்கும் நாக்கு இருந்தது. அப்புறம் மூவரும் மழை வருமா வராதா என்று ரொம்ப நேரம் பேசினார்கள்.

மறுநாள் காலை அவள் தன் அறையில் எழுபதை அடித்து முப்பத்தைந்து என்று எழுதி முத்திரை குத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் ஐம்பதை அடித்துப் பதினைந்து என்று எழுதிக் குத்தினான். மதியச் சாப்பாட்டில்தான் விஷயம் வெளியே வந்தது.

“நீங்களே முதல்ல நில்லுங்க, போதுமா?”

“நான் எங்க முதல்ல? காலையிலயே உனக்குப் பின்னாடி வந்து நின்னாச்சு.”

விடிந்ததும் பாலத்தடியில் புகை வெளியே வந்தது, பழையதில் பாதி. ரொட்டி பொன்னிறமாக வந்தது. ஒருவராவது முன்னால் வரக்கூடாதா என்று மேலதிகாரி கெஞ்சிப் பார்த்தார். இருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். வருஷங்கள் போயின, ஊரும் பழகிவிட்டது. அந்தக் கடைக்கு நிலையம் இன்றும் படிக்கும் கணக்கு இது: குறைய வேண்டியது எண்பத்தைந்து, அவள் வகையில் முப்பத்தைந்து, அவன் வகையில் பதினைந்து, ஆக ஐம்பது, பாக்கி முப்பத்தைந்து, யார் பெயரிலும் இல்லை.