ரிப்பேர் கம்மி

என் அக்கா புருஷனுக்கு வாயை மூடினால்தான் வியாதி வரும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். வந்தது என்னவோ தொண்டையில். பேருந்து நிலையத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்பு சொல்வது மாமாவின் வேலை. வீட்டிலும் அதே குரல்தான். குளியலறையில் சோப்பு தீர்ந்துவிட்டால் தெருமுனை வரைக்கும் தெரிந்துவிடும்.

தொண்டை டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, குரல்வளையையே எடுத்துவிடுவது. இன்னொன்று, கதிர்வீச்சு கொடுத்துப் புற்றுக்கட்டியைக் கரைத்து, குரலைக் காப்பாற்றப் பார்ப்பது. "குரல் போச்சுன்னா அப்புறம் நான் யாரு?" என்று மாமா கேட்டாராம். அக்கா அன்றைக்குப் பூராவும் அழுதாள்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கதிர்வீச்சு என்ன செய்யுமென்றால், புற்றணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுத்துப் போடும். ஆனால் அந்த அணு லேசுப்பட்டதில்லை. அறுந்ததை ஒட்டவைக்க அதற்குள்ளேயே சில ஜீன்கள் உண்டு. ரிப்பேர் ஜீன்கள் என்போம். அவை கட்டிக்குள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று அளப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. மும்முரமாக இருந்தால் நாம் அறுக்க அறுக்க அது தைத்துக்கொண்டே இருக்கும். சோம்பிக் கிடந்தால் நமக்குக் கொண்டாட்டம்.

மாமாவின் கட்டியில் இருந்தவை சுத்த சோம்பேறி ஜீன்கள். ஸ்கேனையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்த்த டாக்டர், "அறுவை இல்லாம கதிர்வீச்சையே முயற்சி பண்ணலாம். திங்கட்கிழமை வரச் சொல்லுங்க, தள்ளிப்போட வேண்டாம்" என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று போன் போட்டேன்.

"மாமா, நல்ல சேதி. உங்க கட்டியில ரிப்பேர் ரொம்பக் கம்மி. திங்கட்கிழமை வந்துடுங்க."

"எனக்கு அப்பவே தெரியும்" என்று கரகரத்துவிட்டு வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆள் வரவில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நீதானே ரிப்பேர் கம்மின்னு சொன்ன? அதான் வேலைக்குப் போயிட்டாரு. உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்றாள் அவள்.

எனக்கு வந்த கோபத்தில் ஆய்வுக்கூடத்து அங்கியைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறிவிட்டேன். நான் போய் இறங்கும்போது ஒலிபெருக்கியில் மாமாவின் தேய்ந்த குரல் வந்துகொண்டிருந்தது. "ஏழாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து ரிப்பேர் காரணமாகப் புறப்படாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனுஷனுக்கு ரிப்பேர் என்றால் வண்டி படுத்துவிட்டது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒரு அர்த்தத்தில்தான் தினமும் அதைச் சொல்கிறார். நான் போய் ரிப்பேர் கம்மி என்றால் வேறு என்ன நினைப்பார்?

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"யாரைக் கேட்டு இங்க உக்காந்திருக்கீங்க?"

"சின்ன ரிப்பேருக்கெல்லாம் வண்டியை ஷெட்டுல போட மாட்டாங்க. ஓட்டிக்கிட்டே பாத்துக்குவாங்க. நீ போய் உன் மிஷினைப் பாரு."

"ரிப்பேர்னா பழுது இல்ல மாமா, பழுது பாக்கறது. உங்க கட்டிக்குள்ள ஒரு மெக்கானிக் இருக்கான்னு வெச்சுக்கோங்க. நாம உடைச்சா அவன் எழுந்து சரி பண்ணுவான். உங்க நல்ல நேரம், அவன் தூங்கிட்டிருக்கான். அவன் தூங்கும்போதே போய் அடிக்கணும். நீங்க என்னடான்னா இங்க உக்காந்து கட்டியை வளக்கறீங்க."

கண்ணாடிக்கு வெளியே பயணிகள் கூட்டமாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் அணைக்கப்படவே இல்லை. ஓட்டுநர் ஒருவர் கதவைத் தட்டி, "அண்ணே, அந்தப் பொண்ணு சொல்றது சரிதான், கிளம்புங்க" என்றார்.

மாமா மைக்கை அணைத்தார். "அப்போ கட்டி பெருசுதானா?"

"பெருசுதான் மாமா."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டார்.

சிகிச்சையில் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. குரல் முழுக்கவே போய்விட்டது. திரும்பி வருமா என்று டாக்டரிடம் கேட்டால், பார்க்கலாம் என்றார். அக்கா வீட்டில் சோப்பு சத்தமில்லாமல் தீர்ந்தது. அங்கே போய் உட்கார எனக்குப் பிடிக்கவே இல்லை.

கடைசி ஸ்கேன் முடிவு வருகிற அன்று நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். போன் அடித்தது. எடுத்தால், பாதி காற்றும் பாதி மணலுமாக ஒரு குரல்.

"ரிப்பேர் ஆயிடுச்சு."

அவர் அர்த்தத்தில் என்றால் வண்டி படுத்துவிட்டது. பேசுவது மாமா என்று சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

"மாமா, எந்த ரிப்பேர்?"

மூச்சு மட்டும் கேட்டது.

"விளையாடாதீங்க மாமா, நான் அழுதுடுவேன். உங்க ரிப்பேரா, என் ரிப்பேரா?"

அவர் நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டார். பின்னால் அக்கா, "பாவம், சொல்லித் தொலைங்களேன்" என்று சிரிப்பது கேட்டது.

"உன் ரிப்பேர்தான்" என்றார் மாமா. "கட்டியைக் காணோமாம்."