ஃபென்விக்கின் எட்டாம் பதிப்பு

1.
ஆறரைக்கு எழுந்தேன். தேநீர் போட்டேன். ரொட்டி சுட்டு வெண்ணெய் தடவித் தின்றேன். தட்டைக் கழுவினேன். இதை எழுத உட்கார்ந்தேன்.

இது கதையாகத் தொடங்கவில்லை. பிரிஸ்டலில் உள்ள ஹார்விங்டன் பதிப்பகம் தன் நூற்றாண்டு வரலாற்றை எழுதித் தரச் சொன்னது. எழுதினேன். ஒரு வாக்கியத்தை நீக்கச் சொன்னார்கள்.

2.
முதல் தொடக்கம்: "லத்தீன் செவ்வியல் நூல்களை ஏழைப் பள்ளிகளுக்கும் கொண்டுசேர்த்த பெருமை

(பெருமையாம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "ஓர் அச்சுக்கூடத்தின் ஈரமான மாடியறையில்

(ஈரம் என் கற்பனை.)

அவர்கள் நீக்கச் சொன்னது: "'ஃபென்விக் லத்தீன் வாசகம்' என்ற பாடநூலின் எட்டாம் பதிப்பிலுள்ள குறிப்புகள் அனைத்தையும் எழுதியவர் ஹெஸ்டர் கால்வர்ட்."

ஹெஸ்டர் என் மனைவி. மார்ச்சில் இறந்தாள். வயது முப்பத்தொன்று.

3.
ஃபென்விக் இறந்தது 1951இல். ஆசிரியர் செத்தாலும் அட்டையில் அவர் பெயர் நிற்கும். திருத்தி எழுதும் சம்பளக்காரர் பெயர் எங்கும் வராது. ஹார்விங்டன் வழக்கம் அது.

நிர்வாகி பெல்லமியைப் போய்ப் பார்த்தேன். (அவரைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். எடுபடவில்லை. பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.)

"பள்ளிக்கூடங்க 'ஃபென்விக் குடுங்க'ன்னுதான் கேக்குது, டங்கன்."

"செத்த பிறகு ஆறு பதிப்பு திருத்தியிருக்காரே. சுறுசுறுப்பான ஆளுதான்."

"கிண்டல் வேணாம். இறந்தவங்க பேரை அட்டையிலேருந்து எடுக்கிற பழக்கம் நம்மகிட்ட இல்ல."

"ஹெஸ்டரும் இறந்துட்டா."

"அது வேற, டங்கன்."

"எப்படி வேற?"

பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.*

* அவளுக்கு முன் திருத்திய ஐவரின் பெயர்களைத் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நூறு ஆண்டு வரலாறு எழுதச் சொல்கிறார்கள்.

4.
வரலாறு நாளை அச்சுக்குப் போகிறது.

முடிவு ஒன்று: வாக்கியத்தை நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

முடிவு இரண்டு: பிரதியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறேன். வேறொருவன் எழுதுவான், அவள் பெயர் இல்லாமல்.

இரண்டிலும் அவள் இல்லை. வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவதில்லை.

5.
ஒரு வரைவில், "என் பேரைப் போடச் சொல்லு" என்று சொல்லிவிட்டு இறந்தாள். பொய். கதைக்குத் தோதான பொய்.

மருத்துவமனைக் கட்டிலில் எட்டாம் பதிப்பின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் கீழே போய்த் திரும்புவதற்குள் இறந்துவிட்டாள். என்னை அனுப்பும்போது, தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது இதுதான்:

"பென்சில் முனை உடைஞ்சுபோச்சு. கீழ கடையில ஒண்ணு வாங்கிட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம் அவங்களுக்கு."