ஜெபமணியின் ஆய்வேடு

கோபிசெட்டிபாளையம் வட்டாரக் கிணறுகளில் நீர் எவ்வளவு உப்பேறியிருக்கிறது என்பதுதான் அன்புக்கரசியின் முனைவர் பட்ட ஆய்வு. கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் வேதியியல் துறையில் இருந்தாள். ஊர் ஊராகப் போய் நீர் எடுத்து, சோதித்து, அளவுகளை எழுதி வைத்திருந்தாள். ஆனால் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு கேள்வியில் அவளை நிறுத்திவிட்டார்.

"முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரியாம, உப்பு ஏறிடுச்சுன்னு எப்படிம்மா சொல்லுவே?"

பழைய அளவுகள் எந்த அலுவலகத்திலும் கிடைக்கவில்லை. கடைசியில் கல்லூரி நூலகர் பக்ருன்னிசாவிடம் போனாள். 1997ஆம் ஆண்டு அது. நூலகத்துக்குப் புதிதாக இணைய இணைப்பு வந்திருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் கீச்சிட்டு இரைந்து, ஒருவழியாகத் தொடர்பு கிடைத்தது. வெளிநாட்டு ஆய்வேடுகளின் பட்டியலைத் திறந்து, 'ஈரோடு', 'கிணற்று நீர்' என்று ஆங்கிலத்தில் தட்டினார் பக்ருன்னிசா. ஒன்றுமில்லை.

"மேடம், கோபி அப்பெல்லாம் கோயம்புத்தூர் ஜில்லாதானுங்களே? அப்படிப் போட்டுப் பாருங்க" என்றாள் அன்புக்கரசி.

கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. 'கோயம்புத்தூர் ஜில்லா கோபிசெட்டிபாளையம் தாலுகாவின் கிணற்று நீர்: ஒரு வேதியியல் ஆய்வு. ஜே. ஜெபமணி. 1956.'

அன்புக்கரசி திரைக்கு அருகே குனிந்தாள். அவள் நடந்த வரப்புகளில் நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒருவர் கண்ணாடிப் புட்டிகளோடு நடந்திருக்கிறார். அந்த அளவுகள் கடல் தாண்டி, இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழக அலமாரியில், யாரும் கேட்காமல் இருந்திருக்கின்றன.

பக்ருன்னிசா மின்னஞ்சல் அனுப்பினார். ஒரே பிரதிதான் உள்ளது, அனுப்ப இயலாது, பக்கங்களை மைக்ரோஃபிலிம் படச்சுருளில் படமெடுத்துத் தரலாம், ஆனால் ஆய்வேட்டை எழுதியவரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. அவர்களிடம் இருந்த முகவரி கோபியில் ஒரு மிஷன் பள்ளி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அன்புக்கரசி பஸ் ஏறினாள். சர்ச்சில் விசாரித்தபோது, அந்தியூர் ரோட்டில் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தவர் வெள்ளைச் சேலை கட்டிய வயதான அம்மா.

"ஏனுங்க, ஜெபமணி சாரைப் பாக்கோணுமுங்க."

"சார் யாருமில்லீங்க. நாந்தான் ஜெபமணி. உள்ள வாங்க கண்ணு."

அன்புக்கரசி நாக்கைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு, ஆய்வேட்டைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னாள். அந்த அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அது இன்னும் இருக்குதுங்களா?"

மிஷன் உதவித்தொகையில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனவர் அவர். திரும்பி வந்து அதே மிஷன் பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கையில் இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. அதன் பிறகு அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லையாம்.

ஒப்புதலில் கையெழுத்திட்டபோது கேட்டார்: "படம் வந்தா எனக்கும் காட்டுவீங்களா?"

மழைக்காலம் முடிந்த பிறகு, ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் படச்சுருள் வந்தது. ஜெபமணி பஸ்ஸில் வந்து சேர்ந்தார். பக்ருன்னிசா சன்னல் திரைகளை இழுத்துவிட்டு, சுருளைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியில் மாட்டி அதன் விளக்கைப் போட்டார்.

திரையில் மையால் வரைந்த வரைபடம் விரிந்தது. ஓடைகள், வாய்க்கால்கள், கிணறுகளுக்குச் சிறு வட்டங்கள்.

"இது என் கையால போட்டது" என்றார் ஜெபமணி. கையை நீட்டியவர் திரையைத் தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

அடுத்து அட்டவணைகள். தன் ஊர்க் கிணற்றின் பெயரை அன்புக்கரசி தேடிப் பிடித்தாள். நல்ல தண்ணீர். இன்று வாயில் வைக்க முடியாத அந்த நீர், அன்று குடிக்கத் தகுந்த நல்ல தண்ணீர். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆனாலும் சுருளை நிறுத்த மனம் வரவில்லை. ஆய்வுமுறை பற்றிய பக்கத்தில் ஒரு வரி அவள் கண்ணில் பட்டது. 'நட்சத்திரக் குறியிட்ட கிணறுகளில் ஆய்வாளர் நீர் எடுக்கச் சாதி வழக்கப்படி அனுமதியில்லை. மாதிரியைப் பிறர் எடுத்து ஊற்றினர்.'

அட்டவணைக்குத் திரும்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் நட்சத்திரங்கள்.

அவளும் அதே சாதிதான். தன்னுடைய மாதிரிகளை அவளே கயிறு விட்டு எடுத்திருந்தாள், சில இடங்களில் முறைப்புகளுக்கு நடுவே.

"இதைப் போயி எப்படிங்க எழுதினீங்க?" என்றாள்.

"மாதிரி யாரு எடுத்ததுன்னு எழுதியாகோணுமே அம்மணி. அது ரூலு. வாய்மொழித் தேர்வுல தொரை கேட்டாரு, ஏன் நீங்களே எடுக்கலைன்னு. இருக்கறதைச் சொன்னேன். அப்பறம் எந்திரிச்சு நின்னு அடுத்த கேள்வி கேட்டாரு."

பக்ருன்னிசா சுருளை மெல்ல அடுத்த பக்கத்துக்கு நகர்த்தினார். கருவியின் விசிறி மட்டும் இரைந்தது.

அன்புக்கரசியின் ஆய்வேடு மறு வருடம் ஏற்கப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பில் 'ஜெபமணி, 1956' என்று இருந்தது. அவளுடைய வாய்மொழித் தேர்வு நாளன்று ஜெபமணி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெயர் உச்சரிக்கப்பட்டபோதெல்லாம், வகுப்பில் பேர் கூப்பிடக் கேட்ட பிள்ளைபோல நிமிர்ந்து பார்த்தார்.